ஊசி பிடித்திருக்கிறதா?

கடந்த மாதம் நான் விருப்ப ஓய்வில் வேலையிலிருந்து நின்றேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை 3.10க்கு எங்கள் ஆய்வுகூடத்தில் தேநீர் வைத்தார்கள். கேக் வெட்டி முடிந்ததும் சுதர்ஷினி ஒரு கேள்வி கேட்டாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதமாகிறது. என் மேசை இனி அவளுடையது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. அந்தக் கொரோனா ஊசி றிசல்ட் ஃபோமில 'பிடித்திருக்கிறது', 'பிடிக்கவில்லை' எண்டு ரெண்டு பெட்டி கிடக்கு. உதென்ன, பொம்பிளை பாக்கிற ஃபோமோ? இனி எல்லாம் கொம்பியூட்டரால ஆக்களின்ர ஃபோனுக்கே போகப்போகுது. பாக்கிறவை சிரிப்பினம். பொசிட்டிவ், நெகட்டிவ் எண்டு மாத்துவமே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"ஒரு கல்யாணத்தாலதான் அந்தப் பெட்டியே வந்துச்சு" என்றேன்.

அவள் நம்பவில்லை. பாதிக் கதையைச் சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "மிச்சத்தை எழுதித் தாங்கோ" என்றாள். அதனால் எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். கிழமையும் நேரமும் அதைப் பார்த்தே எழுதுகிறேன்.

என் ஊர் கட்டுகஸ்தோட்டை. அப்பா நகரசபையில் எழுத்துவேலை பார்த்த இலிகிதர். உயர்தரத்தில் உயிரியல் படித்து, ஆய்வுகூடப் பயிற்சி முடித்து, வெளியூர்களில் இரண்டு இடங்களில் இருந்துவிட்டுக் கண்டிக்கு வந்தேன். அத்தனை வருடங்களில் கற்றதை ஒரு வரியில் சொல்லலாம்: குழாயில் ஒட்டிய பெயர் பிழையானால், அதற்குப் பிறகு செய்கிற எதுவும் சரியாகாது.

இந்த வரியை எனக்குத் திருத்திக் கொடுத்தவர் டாக்டர் சந்திமா. எங்கள் பிரிவின் பொறுப்பு அவருடையது. உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. முடிவுத்தாள்களைக் கையெழுத்துக்குக் கொண்டுபோனால் பேனா மூடியைக் கழற்றி இடது பக்கம் வைப்பார். தாளைப் பார்க்க மாட்டார்; கொண்டுபோனவரைப் பார்த்துச் சிங்களத்தில் "மே கவுத?" என்பார். இது யார் என்று அர்த்தம். முதல் நாள் நான் "பதினேழாம் இலக்கம், மேடம்" என்றேன். பேனா மூடியை எடுத்துத் திரும்பப் போட்டுவிட்டார்.

"பதினேழு எந்த ஊரில் இருக்கிறது? பதினேழுக்குச் சமைத்துக் கொடுப்பது யார்?" என்று கேட்டார்.

போய்க் கேட்டுக்கொண்டு வந்த பிறகுதான் கையெழுத்து விழுந்தது. ஒரு மாதத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் எல்லா நோயாளிகளின் வீட்டு விசயமும் மனப்பாடம். அவருடைய இன்னொரு விதி கதவில் மூன்று மொழிகளில் ஒட்டியிருந்தது: முடிவைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது. ஆளை முன்னால் உட்காரவைத்து, கையில் தாளைக் கொடுத்துச் சொல்ல வேண்டும். நான் அந்த விதியை ஒரே ஒரு தடவை மீறினேன். இந்தக் கதையே அந்த ஒரு தடவைதான்.

கொரோனா ஊசி வந்த காலம். இரத்தப் புற்றுநோய்க்காரர்களின் செவ்வாய்க்கிழமைக் கிளினிக்கில் டாக்டருக்கு ஒரு கவலை. ஊசி போட்டால் நம் உடம்பு பிறபொருளெதிரி என்ற ஒன்றைத் தயாரிக்கும். கிருமி வரும்போது அதைப் பிடித்து மடக்குவது அதுதான். ஆனால் இரத்தப் புற்றுநோயில் அதைத் தயாரிக்க வேண்டிய அணுக்களே நோயாளிகள். சிலருக்கு நோய்க்குக் கொடுக்கும் மருந்து அந்த அணுக்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஆகவே ஊசி போட்டாயிற்று என்று அட்டையில் எழுதியிருக்கும், உடம்பில் ஒன்றும் இருக்காது. சிலருக்கு நம்மைப் போலவே ஏறும். ஏறியது சில மாதத்தில் இறங்கிவிடும். யாருக்கு ஏறும், ஏறியது எவ்வளவு காலம் நிற்கும்? அன்றைக்கு அதைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொருவரையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்ப்போம் என்றார் டாக்டர்.

செய்முறை இது. மஞ்சள் மூடிக் குழாயில் இரத்தம் எடுத்து அரை மணி நேரம் அசைக்காமல் நிறுத்தி உறையவிட வேண்டும். பிறகு சுழற்றும் இயந்திரத்தில் பத்து நிமிடம். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கும் நீரை இரண்டு சின்னக் குழாய்களில் பிரிப்பேன். ஒன்று அன்றைய சோதனைக்கு, மற்றது உறைகுளிரில் அடுத்த தடவைகளுக்கு. அடுத்த தடவை அதே ஆளின் பழைய நீரையும் புதிய நீரையும் ஒரே நாளில், ஒரே தட்டில், பக்கத்துப் பக்கத்துக் குழியில் வைத்துச் சோதிப்பேன். அப்போதுதான் இறங்கியிருக்கிறதா, நிற்கிறதா என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். பிறபொருளெதிரி இருந்தால் குழி நிறம் பிடிக்கும். இல்லாவிட்டால் தண்ணீர் போல இருக்கும்.

அந்தச் செவ்வாய்களில் ஒன்றில்தான் மஹ்ரூப் நானா, அதாவது மஹ்ரூப் அண்ணன், வந்தார். கம்பளையில் மரக்கன்றுப் பண்ணை வைத்திருப்பவர், வயது ஐம்பத்தெட்டு, நிணநீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோய், அதுவும் இரத்தப் புற்றுநோய் வகைதான். இரண்டு முகக்கவசம், அதற்கு மேல் கண்ணாடித் தகடு, அதற்கு மேல் மழைக்கோட்டு. வெளியே நல்ல வெயில்.

"மிஸ், எனக்கி ஊசி புடிச்சீக்கா?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா என்ன, பிடிக்காட்டி என்ன, போட்டுத்தானே நானா ஆகணும்?" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் முகத்தகடு முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைத்துக்கொண்டு விளக்கினார். ரம்புட்டானிலும் ஆனைக்கொய்யாவிலும் ஒட்டுக் கட்டுவது அவர் தொழில். நாட்டுக் கன்றைச் சீவி, நல்ல மரத்துக் கிளையைச் செருகி, நாடாவால் சுற்றி மூடிவைப்பார். மூன்று வாரம் கழித்துத் துளிர் வந்தால், புடிச்சீக்கி. கறுத்துப்போனால், புடிக்கல்ல.

"ஊசியும் வெளிய ஈந்து வந்த கெளதானே மிஸ்? என்ட ஒடம்புல ஒட்டிக்கிட்டா இல்லயாண்டு கேட்டன்."

முதல் தடவை அவருடைய குழி தண்ணீர். அடுத்த ஊசிக்குப் பிறகும் தண்ணீர். இரண்டு தடவையும் நான்தான் தாளைக் கொடுத்தேன். இரண்டாவது தடவை அவர் சிரிக்கவில்லை. மகள் ரிஹானாவுக்குப் பேசி முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நிகாஹ்வை ஏற்கனவே ஒரு தடவை தள்ளி வைத்தாயிற்று. நிகாஹ்வில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளைத் தந்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

"எனக்கு ஏலாட்டி மௌலவிக்கு பொறுப்பு குடுக்கேலும். மார்க்கத்துல எடமீக்கி. மகள்தான் வாப்பா இல்லாம வேணாங்கிறா. எனக்கும் அதுதான். இருவத்தஞ்சு வருசமா கண்ட கண்ட மரத்தயெல்லாம் சேத்து வெச்ச கை மிஸ் இது. சொந்த மகளுக்கு இன்னொருத்தரா?"

டாக்டர் சந்திமா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பிறபொருளெதிரி தெரியும்வரை கூட்டம் கூடாது, யார் கையையும் தொடக்கூடாது. நானா பண்ணையின் விதை அறையிலேயே தூங்கினார். ரிஹானா சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று பேசுவாள். மாப்பிள்ளையை அவர் பார்த்தது கைபேசியில் மட்டும்தான்.

நான் ஒட்டுக் கதையை டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. அடுத்த செவ்வாய் நானாவை உட்காரவைத்துத் தன் தமிழில் கேட்டார்.

"நானா, மரத்தில பால் இல்லாத நேரம் ஒட்டு கட்டினா?"

"புடிக்காது மேடம். பால் ஏற்ர காலம் வர்ர வரைக்கும் பாத்துட்டு ஈக்கணும்."

"அது தான். உங்க மருந்து பால் எல்லாம் எடுத்தாச்சு. மருந்து முடிஞ்சு ஆறு மாசம் போகட்டும். பால் வரும். அப்ப ஒட்டு கட்டுறது."

"எட எட, பெரிய டாக்டரம்மாக்கு நம்மட வேல தெரியுமே!" என்றார் நானா. அவர் முகம் தெளிந்ததை முகத்தகட்டுக்குள்ளேயும் பார்க்க முடிந்தது.

ஆறு மாதம் பொறுத்தோம். மறுபடி ஊசி. அதிலிருந்து நான்கு வாரம் கழித்து இரத்தம். பிடிக்கும் என்ற நம்பிக்கையில் நிகாஹ்வுக்கும் நாள் குறித்துவிட்டார்கள். திங்கட்கிழமை, மாலை 4.05. தட்டை வெளியே எடுத்தேன். மூன்று குழிகள் பக்கம் பக்கமாக அவருடையவை. தண்ணீர், தண்ணீர், மூன்றாவது நல்ல மஞ்சள். நம்பாமல் அதே குழாயிலிருந்து மறுபடியும் செய்தேன். மறுபடியும் மஞ்சள். ஆய்வுகூடத்தில் தனியாக நின்று கை தட்டினேன் என்று நாட்குறிப்பில் இருக்கிறது.

அவர் மறுநாள் கிளினிக்குக்கு வரத்தான் போகிறார். பதினைந்து மணி நேரம் பொறுத்திருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. 5.20க்குப் பண்ணைக்குப் போன் பண்ணினேன். எடுத்தது அவருடைய மனைவியின் தம்பி ஃபவ்ஸி. கம்பளையில் மழை, தகரக்கூரைச் சத்தம் காதைப் பிளந்தது.

"ஆஸ்பத்திரி லேப்ல இருந்து பேசுறேன்! நானாகிட்ட சொல்லுங்க, பொசிட்டிவ்!"

"என்னது?"

"பொசிட்டிவ்! நல்லா பொசிட்டிவ்!"

"நல்லாவா?"

"ரொம்ப நல்லா! இப்படி ஒன்ன நான் பாத்ததே இல்ல!"

"யா அல்லாஹ்!" என்று ஒரு குரல். தொடர்பு அறுந்துவிட்டது. சந்தோசத்தில் போனைக் கீழே போட்டுவிட்டார் என்று நினைத்து, பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை எல்லோரும் வந்தார்கள், நானா வரவில்லை. டாக்டர் அவருடைய தாளுக்கு வந்தார். மூடியைக் கழற்றினார்.

"மே கவுத?"

"கம்பளை மஹ்ரூப் நானா, மேடம். மகள் கல்யாணம் அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு."

"ஆள் எங்கே?"

பண்ணைக்குப் போன் பண்ணினேன். போன் அணைந்திருந்தது. நேற்று நான் சொன்ன சொல்லை அப்போதுதான் என் காதாலேயே கேட்டேன். இரண்டு வருடமாக நாடு முழுக்க எந்தச் சொல்லுக்குப் பயந்து கதவடைத்ததோ, அதை நான் மழைக்குள் கத்திச் சொல்லியிருக்கிறேன். அதுவும் 'நல்லா' என்று சேர்த்து.

டாக்டரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் ஏசவில்லை. கையெழுத்துப் போட்டு, தாளை உறையில் வைத்து ஒட்டி என் கையில் தந்தார். "போனில் கொடுத்ததைப் போனில் திருப்பி எடுக்க முடியாது. பஸ்ஸில் போ" என்றார் சிங்களத்தில். பிறகு, உதட்டோரம் லேசாக வளைய, "இவரைப் போல ஒன்றை நீ பார்த்ததே இல்லை என்று வேறு சொன்னாயா?" என்று கேட்டார்.

12.15 பஸ். கம்பளையில் இறங்கும்போது 1.25. பண்ணை வாசலில் குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஃபவ்ஸி, கன்றுகளுக்கு மருந்தடிக்கும் தெளிகருவியை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"வராதீங்க மிஸ்! அங்கயே நில்லுங்க! அடிச்சிட்டுத்தான் உடுவன்!"

"என்ன அடிக்கப்போறீங்க?"

"டெட்டோல்!"

"வேணாம் ஃபவ்ஸி, நான் சொல்றதக் கேளுங்க. நேத்து நான் சொன்னது அந்தப் பொசிட்டிவ் இல்ல. நல்ல பொசிட்டிவ்."

"அதுதானே மிஸ் செல்லீக்கிறன் எல்லாருக்கும், நல்ல பொசிட்டிவ்ண்டு! மாப்புள ஊட்டுக்கும் செல்லியாச்சி. சமையல்காரன நிப்பாட்டியாச்சி. மச்சான் நேத்து ஈந்து விதை ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு ஈக்கிறார். தாத்தா அழுதழுது…"

அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா; நானாவின் மனைவியைச் சொன்னார்.

"ஐயோ, இது கொரோனா இருக்குன்னு சொல்ற பொசிட்டிவ் இல்ல. எதிர்ப்பு இருக்குன்னு சொல்ற பொசிட்டிவ்!"

"எதிர்ப்பா? யாருட எதிர்ப்பு? மாப்புள ஊட்டுக்காரங்கட எதிர்ப்பா?"

நான் பேசப் பேச நிலைமை இன்னும் மோசமானது. பண்ணையின் மறுகோடியில் ரிஹானா முக்காட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. விதை அறையின் கதவு மூடியிருந்தது. ஃபவ்ஸியை விட்டுவிட்டு அந்தக் கதவைப் பார்த்துக் கத்தினேன். ஆய்வுகூடத்தில் படித்த ஒரு சொல்லும் அந்த நேரம் வாயில் வரவில்லை. அவருடைய சொல்தான் வந்தது.

"நானா! புடிச்சிருக்கு! ஊசி புடிச்சிருக்கு!"

பிறகு தாழ்ப்பாள் சத்தம். கதவு ஒரு சாண் திறந்தது.

"துளிர் வந்தீக்கா?"

"வந்திருக்கு நானா. ரெண்டு தடவ பாத்தேன்."

"கறுப்பில்லயே?"

"மஞ்சள். நல்ல மஞ்சள்."

நானா வெளியே வந்தார். முகக்கவசம் இரண்டும் இருந்தன, மழைக்கோட்டு இல்லை. உறையை வாங்கிக் கிழித்தார். கண்ணாடி போடாமல் வாசித்திருக்க முடியாது, ஆனாலும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஃபவ்ஸியைப் பார்த்தார்.

"டேய், புடிச்சீக்கிண்டு ஒரு வார்த்த. அத ஒனக்கு ஒழுங்கா கேக்கேலல்லயா?"

"மச்சான், இவங்க அந்த வார்த்தய செல்லவே இல்லயே!"

அது உண்மை. ஃபவ்ஸியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக, தெளிகருவியைக் கழற்றாமலேயே தேநீர் கொண்டுவந்தார். ரிஹானா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பண்ணினாள். "வாப்பாக்கு புடிச்சீக்கி" என்று அவள் சொன்னதும் அந்தப் பக்கத்தில், "யார, என்னயா?" என்று மாப்பிள்ளை கேட்டது கூடத்துக்கே கேட்டது. சமையல்காரனையும் திரும்பப் பிடித்தார்கள்.

பிறபொருளெதிரி இருப்பது முழுக் காவல் ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே நிகாஹ் மண்டபத்தில் நடக்கவில்லை. பண்ணையிலேயே, நிழல்வலைக்குக் கீழே, நாலு பக்கமும் காற்று வர நடந்தது. ரம்புட்டான் கன்றுகளை நகர்த்தி இருபது கதிரை போட்டிருந்தார்கள். டாக்டரும் நானும் பெண்கள் பக்கம், ரிஹானாவுக்குப் பின்னால் இருந்தோம். காலை 10.40. நானா கைகளை இரண்டு தடவை கழுவினார். மாப்பிள்ளையும் கழுவினார். இருவரும் கைபிடித்தார்கள். மகளைத் தந்தேன் என்று நானா முழுதாகச் சொல்லி முடித்தார். அவர் கையை விடத்தான் நேரமானது. "போதும் வாப்பா, உடுங்க" என்று ரிஹானா முக்காட்டுக்குள் சிரித்தது எங்களுக்கு மட்டும் கேட்டது.

புதன்கிழமை டாக்டர் பழைய படிவத்தை எடுத்து பொசிட்டிவ், நெகட்டிவ் என்ற இரண்டு சொற்களையும் வெட்டினார். தமிழுக்கு என்ன எழுதுவது என்று கேட்டார். சொன்னேன். சிங்களத்திலும் அதே போல ஒட்டுக் கட்டுகிறவர்களின் சொல்லைத் தேடிப் போட்டார். 'பிடிக்கவில்லை' என்ற பெட்டிக்குக் கீழே, 'மறுபடி பார்ப்போம்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னதும் அவர்தான்.

அந்த வரி சும்மா இல்லை. பிலிமத்தலாவையிலிருந்து வரும் ஆசிரியை ஒருவருக்கு எத்தனை தடவை போட்டும் பிடிக்கவில்லை. டாக்டர் அவருடைய வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் ஊசி போட்டு அவரைச் சுற்றி வேலி கட்டினார். அவர் இன்றைக்கும் முகக்கவசத்தோடு வந்து, எங்கள் கிளினிக்கின் கதிரைகள் சரியில்லை என்று முறைப்பாடு செய்கிறார். நல்ல சுகமாக இருக்கிறார்.

நானாவுக்கு மூன்று மாதத்தில் கொஞ்சம் இறங்கியது. ஆறாம் மாதம் இன்னும் இறங்கியது. "வாடுதா மிஸ்?" என்று கேட்டார். டாக்டர், "இலை விழுது, வேர் இருக்கு" என்றார். இன்னொரு ஊசி போட்டதும் முன்னைவிட வேகமாக, முன்னைவிட உயரமாக ஏறியது. அதற்குப் பிறகு இறங்கியது மிக மெதுவாக. இன்று அவருடைய குழிகள் ஒரு தட்டில் ஒரு முழு வரிசை. முதல் இரண்டைத் தவிர எல்லாம் மஞ்சள், கூடியும் குறைந்தும். எனக்கு வாசிக்கக் கிடைத்ததில் அதைவிட நல்ல வரி வேறில்லை.

போன செவ்வாய் மாலை சுதர்ஷினி போன் பண்ணினாள்.

"அக்கா, உங்கட நானாவின்ர றிசல்ட் வந்திட்டுது. அது…"

"சொல்லாத" என்றேன். "போன்ல சொல்லக்கூடாது. அதோட நான் இப்ப வெளியாள்."

"உங்களோட பெரிய கரைச்சல் அக்கா" என்றாள். ஆனால் சொல்லவில்லை. கொம்பியூட்டரில் அந்தப் பெட்டிகளை மாற்றாமல் அப்படியே ஏற்றியிருப்பதாக மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை பஸ் எடுத்துக் கம்பளைக்குப் போனேன். இறங்க 9.50. வாசலில் கயிறு இல்லை. நானா நிழல்வலைக்குக் கீழே முக்காலியில் இருந்தார். மடியில் ரிஹானாவின் மகள், பதினொரு மாதக் குழந்தை. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை.

இவ்வளவு காலமும் கேட்டது அவர். இந்தத் தடவை நான் கேட்டேன், அவருடைய பேச்சிலேயே.

"என்ன நானா, இன்னும் புடிச்சீக்கா?"

அவர் போனைத் தேடவில்லை, தாளையும் எடுக்கவில்லை. வலது கையை உயர்த்திக் காட்டினார். சுட்டுவிரலைக் குழந்தை தன் ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தது.

"பாருங்க மிஸ், காலைல ஈந்து இப்பிடித்தான்" என்றார். "உட மாட்டேங்கிது."